ஒரு கிரவுண்டில் பெய்யும் மழை எங்கே போகிறது?

சென்னையில் மனையை அளப்பது கிரவுண்டுக் கணக்கில். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சதுர மீட்டரில் 223. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வாய்ப்பாடு தெரிந்தால் போதும், மீதியை நாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டுவது சென்னைக்குப் புதிதல்ல. அப்படிக் கொட்டினால் ஒரு கிரவுண்டில் விழுவது 11,150 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்று பிடிப்பது 12,000 லிட்டர். கத்திரி வெயிலில் போன் மேல் போன் போட்டு, காசு கொடுத்து இறக்கும் அதே ஒரு லோடு, அடைமழையில் கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்குப் போய்விடுகிறது.

ஆண்டுக் கணக்கும் போட்டுவிடலாம். சென்னையின் சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. ஒரு கிரவுண்டுக்கு 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர், அதாவது 26 லாரி. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். எட்டு கிரவுண்டில் ஓராண்டு பெய்யும் மழைதான் அது.

சுற்றுச்சூழலுக்கு ஏற்ற நகரம் என்றதும் சோலார் பேனல், மெட்ரோ, சைக்கிள் பாதை என்று பேச்சு போகும். அவையும் வேண்டியவைதான். ஆனால் மேடு பள்ளம் அதிகமில்லாத, கடலை ஒட்டிய, வருட மழையில் பாதிக்கு மேல் மூன்று மாதத்தில் வாங்கிவிடுகிற ஊருக்கு முதல் கேள்வி வேறு: விழுந்த மழையில் எவ்வளவு விழுந்த இடத்திலேயே நிற்கிறது? சீனாவில் கொங்ஜியான் யு என்ற நிலவடிவமைப்பாளர் பல ஆண்டுகள் வலியுறுத்தி, 2015இல் அரசு 16 நகரங்களில் சோதனையாகத் தொடங்கிய ‘ஸ்பாஞ்ச் சிட்டி’ திட்டமும் இதே கேள்வியிலிருந்துதான் புறப்படுகிறது. பஞ்சு மாதிரி உறிஞ்சு, வைத்திரு, மெதுவாக விடு. ஏரி வெட்டத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது அப்படியொன்றும் புதுச் சரக்கு அல்ல.

சிமென்ட் செய்யும் வேலை

வெறும் மணல் தரையில் 100 லிட்டர் மழை விழுந்தால் வழிந்தோடுவது 10 முதல் 20 லிட்டர்தான். களிமண் தரையில் புல் இருந்தால் 20 முதல் 35. மொட்டை மாடி, தார் ரோடு, சிமென்ட் தளம் என்றால் 85 முதல் 95. மணல் தரையான காலி மனை ஒன்றில் வீடு கட்டி, சுற்றி விட்ட இடத்தையும் பூசிவிட்டால், அதே மழைக்கு வெளியே போகும் தண்ணீர் ஐந்தாறு மடங்காகிறது. அளவு கூடுவது ஒரு பக்கம், வேகம்தான் ஆபத்து. புல்லிலும் பள்ளத்திலும் நின்று நிதானமாக வந்த தண்ணீர், பைப்பிலும் சிமென்ட்டிலும் நிமிடங்களில் வந்து சேர்கிறது. ஒரு தெருவில் 40 வீடும் ஒரே நேரத்தில் இறக்கினால், எந்த வடிகாலும் அந்த அரை மணி நேரத்துக்குத் திணறத்தான் செய்யும்.

மண்ணுக்கும் ஒரு வேகம் உண்டு. மணல் ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ.க்கு மேல் உறிஞ்சும். களிமண் 1 முதல் 5 மி.மீ. பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோர மணல். நகரின் மத்தியிலும் மேற்கிலும் பெரும்பாலும் களி. கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. பெசன்ட் நகரில் வேலை செய்த அமைப்பை அப்படியே மேற்கு மாம்பலத்தில் போட்டுவிட்டு ‘மழைநீர் சேகரிப்பெல்லாம் சும்மா’ என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டில் என்ன செய்வது

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003இல். அன்று அவசரத்தில் போட்டவை பலவும் இரண்டடிக் குழி, அதில் செங்கல் ஜல்லி, மேலே ஒரு பைப். மூன்று மழைக்கு வேலை செய்யும். பிறகு சேறு அடைத்து, குழி இருந்த இடமே மறந்துபோகும். ஒழுங்காகச் செய்ய மூன்று பாகங்கள் வேண்டும்.

முதல் பாகம் மாடித் தண்ணீர். 1,200 சதுர அடி மொட்டை மாடி என்றால் 111 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு, சிதறியதும் ஆவியானதும் போக, கைக்கு வருவது 5,000 லிட்டர். இதுதான் இருப்பதிலேயே சுத்தமான தண்ணீர். மண்ணுக்குள் விடுவதற்கு முன் சம்ப்பில் (தரைக்கு அடியிலுள்ள தொட்டியில்) நிரப்புவதே புத்திசாலித்தனம். பருவத்தின் முதல் மழையையும், நாலு நாள் வெயிலுக்குப் பிறகு வரும் மழையின் முதல் 2 மி.மீ.யையும் வெளியே விட்டுவிட வேண்டும். இந்த மாடிக்கு அது 220 லிட்டர். தூசியும் காக்கை எச்சமும் அதோடு போய்விடும். இதற்கு இறங்கும் பைப்பில் ஒரு ‘டீ’ (T வடிவ இணைப்பு) வைத்து, அடியில் திருகு மூடி போட்டால் போதும். பிறகு வடிகட்டி: இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத் தொட்டி, அடியில் 40 மி.மீ. ஜல்லி, நடுவில் 20 மி.மீ. ஜல்லி, நைலான் வலை, அதன் மேல் பெருமணல். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவில் வலை போடாவிட்டால் மணல் கீழே இறங்கி ஒரே வருடத்தில் அடைத்துக்கொள்ளும். புரட்டாசியில் மணலை அள்ளி அலசிப் போட வேண்டும். சம்ப் நிறைந்தபின் வழிவது தெருவுக்கு அல்ல, உறை கிணற்றுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது அந்த உறை கிணறு. 3 அடி விட்டம், 15 அடி ஆழம், சிமென்ட் உறைகள் இறக்கியது. உள்ளே பிடிப்பது சுமார் 3,000 லிட்டர். பலர் செய்யும் தவறு, கிணறு என்பதால் உள்ளே ஜல்லியைக் கொட்டி நிரப்புவது. நிரப்பினால் கொள்ளளவில் பாதிக்கு மேல் போய்விடும், தூர் வாரவும் முடியாது. காலியாக விடுங்கள், மேலே கனமான மூடி போடுங்கள். அடிப்பகுதி மணலைத் தொட வேண்டும். 15 அடியிலும் களிதான் என்றால், கிணற்றின் அடியிலிருந்து 6 அங்குல போர் ஒன்றை மணல் வரும்வரை இறக்கி, துளையிட்ட பைப்பைக் கொஞ்சம் மேலே தூக்கி நிறுத்தினால், வண்டல் அடியில் தங்கும், தெளிந்த தண்ணீர் மட்டும் உள்ளே போகும். செப்டிக் டேங்க் இருந்தால் மனையின் எதிர் மூலைக்குப் போய்விட வேண்டும். தூர் வார ஆளை இறக்கும் முன் ஒரு வார்த்தை: மூடிக் கிடந்த கிணற்றில் விஷ வாயு நிற்கும். மூடியைத் திறந்து காற்றாடவிட்டுச் சோதிக்காமல் யாரையும் இறக்கக் கூடாது. மேலிருந்தே வாளி போட்டு அள்ள முடிந்தால் அதுவே நல்லது.

மூன்றாவது பாகம் தரைத் தண்ணீர். கேட்டுக்கு உட்புறமாக, அகலம் முழுக்க, ஓரடி அகலம் இரண்டடி ஆழத்தில் குறுக்குக் கால்வாய். மேலே துளையிட்ட சிலாப். அங்கிருந்து ஒரு பைப் கிணற்றுக்கு. வாசல் தாண்டும் தண்ணீரைக் கடைசியாகப் பிடிக்கும் வலை இது. கார் கழுவும் இடமாக இருந்தால் சோப்பும் எண்ணெயும் உள்ளே போகும், ஆகவே காரை வேறு இடத்தில் கழுவ வேண்டும்.

பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்பது பாதி உண்மை. மணல் படுக்கையில், இடுக்கு விட்டுப் போட்டால் இறங்கும். சிமென்ட் தளம் போட்டு அதன் மேல் பேவர் பதித்தால், விலை கூடிய சிமென்ட் தரை, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் மோசமானது வேறொன்று: மாடிப் பைப்பைக் கழிவுநீர் மேன்ஹோலில் சொருகுவது. கழிவுநீர்க் குழாய் மழைக்காகப் போட்டதல்ல. தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தால் மழையன்று மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு, தெரு முழுக்கச் சாக்கடை கலந்த தண்ணீர் நிற்கும். ‘வெள்ளம்’ என்று நாம் சொல்வதில் பாதி நாற்றம் இப்படி வந்தது.

எட்டு வீடு வந்தால்?

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்திய நகரங்களுக்கு வைத்திருக்கும் அளவு. நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சத்து 97 ஆயிரம் லிட்டர். ஒரு கிரவுண்டில் பெய்வதோ 3 லட்சத்து 12 ஆயிரம். தனி வீட்டுக்கு மழையே அதிகம்.

அதே கிரவுண்டில் தரைத்தளம் கார் நிறுத்த, மேலே நாலு மாடி, மாடிக்கு இரண்டு ஃபிளாட். எட்டுக் குடும்பம், 32 பேர், ஆண்டுக்கு 15 லட்சத்து 77 ஆயிரம் லிட்டர். இப்போது மழை ஐந்தில் ஒரு பங்குகூட நிரப்பாது. அந்த 135 லிட்டரில் குளியலுக்கு 55, கழிப்பறையில் ஊற்ற 30 என்பது வழக்கமான பங்கீடு. 32 பேர் ஃபிளஷ் செய்வது மட்டும் ஆண்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். அந்த மனையில் பெய்யும் மொத்த மழையையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் கழிப்பறைக்கே பத்தாது.

அதற்காக அடுக்குமாடி கூடாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எட்டுக் குடும்பம் எட்டுத் தனி வீடு கட்டினால் எட்டு கிரவுண்டு சிமென்ட் ஆகும், அதற்கு ரோடு வேறு. சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. பக்கவாட்டில் பரவப் பரவ, சிமென்ட் போய் நிற்பது ஏரி உள்வாயில், அதாவது ஏரித் தண்ணீர் பரவி நிற்கும் இடத்தில். நெருக்கி, உயர்த்திக் கட்டுவதே நிலத்துக்கு நல்லது. ஆனால் அப்படிக் கட்டும்போது குளியல் தண்ணீரைத் திருப்பி எடுத்தே ஆக வேண்டும். குளியலறை, வாஷ்பேசின் தண்ணீருக்குத் தனி பைப். ஃபிளஷ் டேங்குக்குத் தனி பைப். கட்டும்போது போட்டால் செலவு கொஞ்சம்தான், கட்டியபின் சுவரை உடைக்க வேண்டும், யாரும் செய்யமாட்டார்கள். சுத்திகரிக்க ஜல்லிப் படுகையில் கல்வாழை நட்டு அதன் வேர் வழியாக விடலாம். ஆளுக்கு அரை முதல் ஒரு சதுர மீட்டர் வேண்டும். ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் அதைச் சேர்க்கக் கூடாது.

ஊர் அளவில் இதே வேலையைச் சென்னை தொடங்கியிருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்குகிறார்கள். அது வறட்சிக்குப் பயப்படாத தண்ணீர்தான், ஆனால் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தின்னும். 100 அடி ஆழ போரிலிருந்து அதே 1,000 லிட்டரை மேலே ஏற்றக் கால் யூனிட் போதும். போரில் தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

தெரு

ரோடு மேல் ரோடு போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் தாரின் ஒரு அடுக்கு 40 மி.மீ. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் ஐந்து முறை போட்டால் 20 செ.மீ., எட்டு அங்குலம். நீங்கள் தெருவைவிட இரண்டடி உயர்த்திக் கட்டிய வீட்டில் மூன்றில் ஒரு பங்கு உயரம் அப்படியே போய்விட்டது. பழைய தெருக்களில் இரண்டு படி இறங்கி உள்ளே போகும் வீடுகள் கட்டும்போது அப்படிக் கட்டப்பட்டவை அல்ல. ரோடு போட வண்டி வரும்போது மில்லிங் (பழைய தாரைச் சுரண்டுவது) செய்தார்களா என்று கேட்பது தெருவாசிகள் செய்யக்கூடிய மிக மலிவான வெள்ளத் தடுப்பு.

வடிகாலை அகலமாக்கினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் அரைகுறைதான். வடிகால் தண்ணீரை இல்லாமல் செய்வதில்லை, அடுத்த ஆளிடம் தள்ளுகிறது. கடைசி ஆள் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாய். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது, முகத்துவாரத்தில் மணல் திட்டும் இருந்தால், ஆற்று நீர்மட்டம் வடிகால் வாய்க்கு மேல் நிற்கும். எவ்வளவு பெரிய வடிகாலாக இருந்தாலும் அப்போது தண்ணீர் தெருவுக்குத்தான் திரும்பும்.

ஏரி

தி.நகர் இருக்கும் இடம் 1920கள் வரை மாம்பலத்தின் நெடிய ஏரி. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். மேற்கு மாம்பலத்தில் இன்னும் லேக் வியூ ரோடு உண்டு. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை.

ஏரி தனியாக இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் வரத்துக் கால்வாய், தண்ணீர் விட மதகு, நிறைந்தால் வழியக் கலங்கல், கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக்குக் கால்வாய். சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலுக்குப் போகும். இதில் ஒரு இடத்தில் கால்வாயை 30 அடியிலிருந்து 8 அடியாக நெருக்கினால் போதும். மேலே உள்ள ஏரி கரை தாண்டும், கீழே உள்ள ஏரி காயும்.

இதனால்தான் ‘ஏரி சீரமைப்பு’ என்ற பெயரில் நடக்கும் பாதி வேலை மனதுக்கு ஒப்பவில்லை. கரையைப் பூசி, நடைபாதை போட்டு, செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்துகிறார்கள். வரத்துக் கால்வாய் எங்கே என்று கேட்டால், நடைபாதைக்கு அடியில். வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் எல்லையை அளந்து கல் நடுவது; இரண்டாவது உள்ளே வரும் சாக்கடையை நிறுத்துவது; மூன்றாவது வரத்தும் கலங்கலும்; அதன் பிறகு தூர்; கடைசியில் வேண்டுமானால் நடைபாதை. சாக்கடையை நிறுத்தாமல் தூர் வாரினால் இரண்டே வருடத்தில் ஆகாயத்தாமரை மூடிவிடும்.

வீட்டுக் கிணறு எவ்வளவு தாங்கும் என்பதற்கும் எல்லை உண்டு. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. ஒரு கிரவுண்டுக்கு 1 லட்சத்து 9 ஆயிரம் லிட்டர், ஒன்பது லாரி. எந்த உறை கிணறும் அதை வாங்காது. சீனாவில் ஸ்பாஞ்ச் சிட்டி வேலைகள் நடந்திருந்த ஜெங்ஜோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. பெய்து, சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து உயிர்கள் போயின. பஞ்சு நனைந்தபின் உறிஞ்சாது. அந்த மாதிரி நாளுக்குத் தேவை பரந்த வெற்றிடம். பள்ளிக்கரணை சதுப்பு ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கி.மீ. இருந்தது, இன்று அதில் பெரும்பகுதி இல்லை; 2022இல் ராம்சார் தளமாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட எல்லை 1,247 ஹெக்டேர். இந்த 1,247 ஹெக்டேரில் ஓரடித் தண்ணீர் கூடுதலாக நின்றாலே 370 கோடி லிட்டருக்கு மேல், மூன்று லட்சம் லாரி. சதுப்பில் பறிபோன இடத்தில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் இப்போது நிற்பது வேளச்சேரி வீடுகளின் தரைத்தளத்தில்.

மனை வாங்குமுன்

ஊர்ப் பெயரைப் படியுங்கள். தாங்கல் என்றால் சிறு ஏரி. ஏந்தல், மடுவு, கேணி எல்லாம் தண்ணீர்ப் பெயர்கள்தான். பெயர் இருக்கிற இடமெல்லாம் மூழ்கும் என்றில்லை, கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்று பொருள். பட்டாவோடு நிற்காமல் அ-பதிவேட்டில் (நிலங்களின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேட்டில்) அந்தச் சர்வே எண்ணின் வகைப்பாட்டையும், சுற்றியுள்ள எண்களின் வகைப்பாட்டையும் பாருங்கள்: ஏரி, ஓடை, வாய்க்கால், புறம்போக்கு என்று எங்காவது வருகிறதா? புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில்) வாய்க்கால் கோடு உங்கள் மனை ஓரமாக வந்து சட்டென்று நின்றுவிட்டால், நின்றது கோடுதான், தண்ணீர் அல்ல.

இடம் பார்க்க ஏஜென்ட் கூப்பிடுவது சித்திரை, வைகாசியில். நீங்கள் கார்த்திகையில், மழை விட்ட மறுநாள் காலையில் ஒருமுறை தனியாகப் போய்வாருங்கள். பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம், போன தடவை தண்ணீர் எத்தனையாவது படி வரை வந்தது என்று கேளுங்கள். வந்ததா என்று கேட்கக் கூடாது. எத்தனையாவது படி என்றுதான் கேட்க வேண்டும்.